சுலோகத்தின் மறுபாதி

நந்திகேசுவரர் பெயரில் வழங்கும் 'அபிநய தர்ப்பணம்' ஆடத் தகாதவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் தருகிறது. கண்ணில் பூ விழுந்தவள், முடி அடர்த்தியில்லாதவள், உதடு தடித்தவள், மார்பு சரிந்தவள், மிகவும் பருத்தவள், மிகவும் மெலிந்தவள், மிக உயரமானவள், மிகக் குள்ளமானவள், கூன் விழுந்தவள், குரல் இல்லாதவள். ஆகப் பத்துப் பேர். இரக்கம் துளியும் இல்லாத பட்டியல். இன்றைக்கு ஒரு நடனப் பள்ளி இதைச் சேர்க்கை விளம்பரத்தில் போட்டால் மறுநாளே மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட வேண்டியிருக்கும். இருந்தாலும் அதில் ஒரு நடுநிலை உண்டு. பருத்தவளை வெளியே அனுப்பிய அதே மூச்சில் மெலிந்தவளையும் அது வெளியே அனுப்பியது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பரதநாட்டிய வகுப்புகளுக்கு இந்தச் சுலோகம் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது.

ரவாங்கை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூருக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர். முதலில் ஈயம், பிறகு ரப்பர், பிறகு சிமெண்டு என்று பிழைத்த ஊர். 1894-இல் லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்னாக்கி வாங்கிப் பொருத்தியதால், மலாயாவின் மின்சார வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த மின்சாரத்தில் கொஞ்சம் இன்று தாமான் வீடுகளின் கார் நிறுத்தும் முன்கூடங்களுக்குப் போகிறது. மாலையானால் அங்கே தட்டுக்கழியின் ஓசை கேட்கும். இன்னும் கொஞ்சம், அதே பிள்ளைகள் இரவில் கைப்பேசிக்கு முன்னால் பொருத்திக்கொள்ளும் வட்ட விளக்குக்குப் போகிறது. ஆடியது ஆசிரியைக்கு, பதிவானது ஊருக்கு. அடவு சரியாக விழுந்ததா என்று பார்ப்பவர் ஒருவர். உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பவர் ஐந்நூறு பேர்.

இந்த வகுப்புகளில் எடைக்கருவி கிடையாது. மாணவிகளை வரிசையாக நிறுத்தி நிறுத்துப் பார்க்கும் வழக்கம் ஐரோப்பிய பாலே பள்ளிகளுக்கு உரியது, நம்முடையது தெய்வீகக் கலை என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம். நம்முடைய கருவி வாய். பயிற்சிக்கு நடுவே தண்ணீர் குடிக்க நிற்கும்போது, மிகுந்த பிரியத்தோடு அது வரும். "இடுப்ப மட்டும் கொஞ்சம் கொறைச்சிட்டா, ஒன் அரைமண்டிக்கு ஈடே கெடையாதும்மா." கேட்கிற பிள்ளைக்குப் பதின்மூன்று வயது இருக்கும். கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கும் அம்மாவின் காதிலும் அது விழும். "டீச்சர் ஒன் நல்லதுக்குத்தான் சொல்றாங்க" என்று வீடு திரும்பும் காரில் அவர் வழிமொழிவார். டீச்சர் நல்லதுக்குத்தான் சொல்கிறார், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்னால் எத்தனை கிலோ, எத்தனை மாதத்தில், எதைச் சாப்பிட்டு என்று சொல்வார். மறுபடி வந்து காட்டச் சொல்வார். வகுப்பில் கிடைக்கும் இந்த அறிவுரைக்கு அளவும் இல்லை, கெடுவும் இல்லை. குறைத்தது போதும் என்று சொல்லும் பொறுப்பு ஒருவருக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்தாலும் தப்ப முடியாது. நம் வீடுகளில் வரவேற்பே எடை பார்த்துத்தான் நடக்கிறது. "பசியாறியாச்சா?" என்று கேட்டு முடிப்பதற்குள் "என்னா சதை போட்டுட்டே?" என்று வந்துவிடும். இரண்டையும் கேட்பது ஒரே அத்தை. தட்டில் மூன்றாவது தோசையை வைப்பதும் அவர்தான், அந்தப் பிள்ளை அதைத் தின்று முடித்ததும் சிரிப்பதும் அவர்தான். ஊட்டுவது அன்பு, உடம்பைச் சொல்வது உரிமை என்று இரண்டையும் நாம் தனித்தனிக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு கணக்கும் ஒரே உடம்பில் வந்து விழுகின்றன.

சலங்கை பூஜையோ அரங்கேற்றமோ நெருங்கினால் ரவாங்கிலிருந்து கொமுட்டர் ஏற வேண்டும். சுங்கை பூலோ, கெப்போங் தாண்டி கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். அதே ரயிலில் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் கிள்ளான், தெங்கு கிளானா சாலையின் பட்டுக்கடைகள். துன் சம்பந்தன் சாலையில் பூமாலைக் கடைகளையும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளையும் கடந்து, ஒட்டியாணமும் ராக்கொடியும் வாங்கப் போகிற பெண்களைச் சனிக்கிழமைகளில் பார்க்கலாம். இந்த வட்டாரத்தில்தான் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் தொடங்கிய நுண்கலைக் கோயில் இருக்கிறது. நாட்டின் பெயர்பெற்ற இந்திய நடனப் பள்ளிகளில் ஒன்று. அதோடு சேர்ந்தே அன்னலட்சுமி என்ற உணவகமும் நடக்கிறது.  வேண்டியதைச் சாப்பிட்டுவிட்டு மனத்துக்குப் பட்டதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்பது அதன் கொள்கை. ஆட்டத்தையும் சோற்றையும் ஒரே கூரையின் கீழ் வைக்கலாம் என்று ஒரு துறவிக்குத் தோன்றியிருக்கிறது. இல்லறத்தில் இருக்கும் நமக்கு அது இன்னும் முழுதாகத் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்று பார்க்க, உடையிலிருந்தே தொடங்கலாம். பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் மேடையில் ஆடியவர்கள் சேலையைத்தான் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். சேலை உடம்புக்கு இசைந்து கொடுக்கும். மாதத்துக்கு மாதம் கூடினாலும் குறைந்தாலும் கொசுவம் அதைச் சரிக்கட்டிவிடும். 1935-இல் அடையாற்றில் மேடையேறி, மறு ஆண்டு கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி, ஓர் இத்தாலியப் பெண்மணியின் துணையோடு தைத்த உடையைக் கொண்டுவந்தார். அவருக்கு பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் நட்பு இருந்தது, பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே கற்ற அனுபவமும் இருந்தது. உடம்பின் கோடு தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில்தான் நம் மேடையில் உறுதிப்பட்டது. அவர் மெலிந்த பெண்களாகத் தேடினார் என்று இதற்குப் பொருள் இல்லை. தைத்த உடை ஒரு குறிப்பிட்ட நாளின் உடம்பை நிரந்தரமாக்கிவிடுகிறது, அவ்வளவுதான். அளவு எடுத்தது மார்ச் மாதம், அரங்கேற்றம் நவம்பர் மாதம். நடுவில் எட்டு மாதம் ஒரு பதினைந்து வயதுப் பெண் வளரக் கூடாது. அளவுகள் வாட்ஸ்அப்பில் சென்னைக்குப் போய், உடை பொட்டலமாகத் திரும்பி வரும் இந்தக் காலத்தில் திருத்தித் தைக்கவும் ஆள் பக்கத்தில் இல்லை. பழைய தையல்காரர்கள் இரண்டு அங்குலம் உள்ளே விட்டுத் தைப்பார்கள். வளர்கிற பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியும். பரதநாட்டியத்துக்கு அவர்கள் செய்த தொண்டை எந்த விழா மலரும் எழுதியதில்லை.

பணமும் இதில் சேர்ந்துகொள்கிறது. மண்டபம், சென்னையிலிருந்து வரும் பக்கவாத்தியக்காரர்கள், இரண்டு மூன்று உடைகள், ஒப்பனை, விருந்து, அழைப்பிதழுக்கான படப்பிடிப்பு என்று ஓர் அரங்கேற்றம் பல்லாயிரம் வெள்ளியை விழுங்குகிறது. தோட்டம் விட்டு வந்த தலைமுறையின் பேத்தி மேடையேறுவதில் ஒரு குடும்பத்தின் எழுச்சியே அடங்கியிருக்கிறது. அந்தச் செலவை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் முன்பணம் கட்டிய பிறகு, தலை சுற்றுகிறது என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வராது. மேடையில் பின்திரையாக நிற்கப்போகும் இருபதடி உயரப் படத்தில் தன் கை எப்படித் தெரியும் என்ற கவலை மட்டும் அவளுக்கு மிஞ்சும். நிறத்தைப் பற்றிய கவலை வேறு, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். பையன்களும் தப்பவில்லை. அவர்களுக்குச் சொல்லப்படுவது வேறு, வாங்கித் தின்னும் புரத மாவு டப்பா வேறு.

பாலே உலகம் பட்டினி கிடந்து உடம்பைக் குறைக்கும் இந்த நோயோடு நெடுநாள் பழகியது. அங்கே அது பெயர், தேதியோடு பதிவாகியிருக்கிறது. நியூயார்க் சிட்டி பாலேயின் கெல்சி கிர்க்லண்ட் 1986-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், மாமேதை எனக் கொண்டாடப்பட்ட ஜார்ஜ் பாலன்சைன் தன் நெஞ்செலும்பைத் தட்டிப் பார்த்து, எலும்பு தெரிய வேண்டும் என்று சொன்னதாக எழுதினார். 1997-இல் பாஸ்டன் பாலேயின் ஹைடி குந்தர் 22 வயதில் இதயம் நின்று இறந்தபோது அவர் எடை ஏறத்தாழ 42 கிலோ. இரண்டாண்டுகளுக்கு முன் அவரிடம் ஐந்து பவுண்டு குறைக்கச் சொல்லியிருந்தார்கள். ஐந்து பவுண்டு என்றால் இரண்டேகால் கிலோ. அவர் அதோடு நிற்கவில்லை. மிலானின் லா ஸ்காலாவில் ஆடிய மரியாஃபிரான்செஸ்கா கரிதானோ அங்குள்ள பெண்களின் பட்டினியைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதற்காக 2012-இல் வேலையை இழந்தார். வழக்காடி, 2016-இல்தான் திரும்ப மேடைக்கு வந்தார். பட்டினி கிடந்தவர்களை வைத்துக்கொண்ட நிறுவனம், அதைச் சொன்னவரை வெளியே அனுப்பியது. 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதுவரை வந்த 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, நடனக்காரர்களில் 12 விழுக்காட்டினருக்கும் பாலே ஆடுவோரில் 16.4 விழுக்காட்டினருக்கும் உணவு சார்ந்த மனக்கோளாறு இருப்பதாகச் சொன்னது. ஆடாதவர்களோடு ஒப்பிட்டால் ஆபத்து மூன்று மடங்கு.

நம்மில் இப்படிப் பெயர் சொல்லி எழுதியவர்கள் அபூர்வம். அதனால் நம் பிள்ளைகள் தப்பித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை. சாப்பிட மறுக்கும் பெண்ணை ஒரு வெள்ளைக்கார வீடு கவனிக்கக்கூடும். நம் வீடு அவளைப் பாராட்டும். வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டிக்கு ஆறு நாள், தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள், அரங்கேற்றம் நல்லபடி நடக்க ஒரு வேண்டுதல். இதில் எது பக்தி, எது பயம் என்று கேட்பதே பாவம்போல் இருக்கும். இரவில் பாலும் பழமும் மட்டும் என்றால் பாட்டிக்கு மகிழ்ச்சி. அதுவும் இல்லை என்றால் இன்னும் மகிழ்ச்சி. விரதத்தின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. பத்துமலையில் காவடி எடுத்தவன் மலையிறங்கி விரதத்தை முடிக்கிறான், சாப்பிடுகிறான், அடுத்த ஆண்டுவரை அதை மறந்தும்விடுகிறான். விரதத்துக்கு முடிக்கும் நாள் என்று ஒன்று உண்டு. இந்தப் பெண்ணின் நாட்காட்டியில் அந்த நாளைத் தேடிப் பாருங்கள், இருக்காது.

இந்தப் பயத்தை மறைக்கும் இன்னொரு திரையும் இருக்கிறது. இந்த நாட்டில் உடல்நலம் என்றாலே எடைக் குறைப்பு என்று ஆகிவிட்டது. அதற்குக் காரணமும் உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். நீரிழிவு 18.3 விழுக்காடு. இந்தியர்களிடம் மட்டும் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. கால் எடுக்கப்பட்ட மாமாவும் சிறுநீரகம் பழுதான பெரியம்மாவும் இல்லாத தமிழ்க் குடும்பத்தைக் காட்டுவது கடினம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் சோற்றைத் தள்ளி வைத்தால் யார் தடுப்பார்கள்? பள்ளியிலும் செகாக் உடற்தகுதிச் சோதனையில் ஆண்டுக்கு இரு முறை உயரமும் எடையும் எடுத்து எண் போட்டுவிடுகிறார்கள். 2017-இல் மலேசியா ஏர்லைன்ஸ், இருபத்தைந்து ஆண்டுகள் பறந்த பணிப்பெண் ஒருவரை, 61 கிலோ வரம்புக்கு மேல் 700 கிராம் இருந்ததற்காக நீக்கியது. போதிய அவகாசம் கொடுத்தாயிற்று என்று 2020-இல் தொழில்துறை நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. சில நாசி லெமாக் பொட்டலங்களைச் சேர்த்தால் அந்த 700 கிராம் வந்துவிடும். ஒரு பெண்ணின் தகுதியைச் சில நாசி லெமாக் பொட்டலங்கள் தீர்மானிக்கும் நாட்டில், இருபது வயதுக்குள் இருப்பவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு வேண்டாம்.

ஆனால் ஓர் ஆய்வு இருக்கிறது. பீஜித் தீவில் பருத்த உடம்புக்குத்தான் மரியாதை இருந்தது. இளைத்தவர்களைப் பார்த்தால் உறவினர்கள் கவலைப்பட்டார்கள், ஊட்டினார்கள். நம் பாட்டிகளைப் போலத்தான். நந்ரோகா வட்டாரத்துக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஹார்வர்ட் ஆய்வாளர் அப்போதும் மூன்றாண்டு கழித்து 1998-லும் பள்ளி மாணவிகளிடம் விசாரித்தார். எடை குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் முதல் முறை ஒருவரும் இல்லை. இரண்டாம் முறை 11.3 விழுக்காடு. ஒரு மக்களின் அழகுணர்வு மாற மூன்றாண்டும் ஒரே ஓர் அலைவரிசையும் போதுமாக இருந்தன. நம் பிள்ளைகளின் கையில் இருப்பது ஓர் அலைவரிசை அல்ல.

பழக்கம் சிறிதாகத்தான் தொடங்கும். முதலில் இரவுச் சோறு போகும். பிறகு பள்ளி இடைவேளைப் பலகாரம், பிறகு மைலோ. நண்பர்களோடு மாமாக் கடையில் உட்கார்ந்தால் ரொட்டி சானாயைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே விட்டுவிடும் சாமர்த்தியம் வரும். பசி ஒரு நாள் வென்றுவிடும். அன்றைக்கு அலமாரியில் இருப்பதெல்லாம் உள்ளே போகும், அரைமணி கழித்துக் குளியலறையில் தண்ணீர்க் குழாய் நெடுநேரம் திறந்திருக்கும். அடுத்தது இணையத்தில் வாங்கும் மெலிவுத் தேநீர், மெலிவுக் காப்பி. இவற்றில் சிபுட்ரமின் என்ற மருந்தைக் களவாகக் கலந்து விற்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இதயத்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் ஆபத்து என்று 2010-இல் பல நாடுகள் சந்தையிலிருந்து திரும்பப் பெற்ற மருந்து அது. பொட்டலத்தின் மேல் 'முழுக்க முழுக்க மூலிகை' என்று எழுதியிருக்கும்.

பட்டினி கிடந்தால் ஆட்டம் மெருகேறும் என்ற நம்பிக்கைதான் இதில் எல்லாவற்றையும்விட வீண். 1944, 1945-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு 24 வாரம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். நல்ல திடகாத்திரமானவர்கள், மனத்திடமும் உள்ளவர்கள். எடையில் ஏறத்தாழக் கால்பங்கு போனது. அதைவிட, அவர்களுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகம் சேர்த்தார்கள், ஒரே கவளத்தை நெடுநேரம் வைத்துத் தின்றார்கள், குளிரில் நடுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், படிப்பில் மனம் பதியவில்லை என்றார்கள். இப்போது 'அபிநய தர்ப்பண'த்துக்குத் திரும்பலாம். ஆடுபவளின் உயிர்ப்பண்புகள் என்று அந்நூல் பத்தைச் சொல்கிறது. விரைவு, நிலைப்பு, கோடு, சுழற்சி, பார்வை, அயர்வின்மை, அறிவுக்கூர்மை, ஈடுபாடு, பேச்சு, பாட்டு. பசித்த உடம்பிலிருந்து முதலில் போவது அயர்வின்மை. அடுத்தது அறிவுக்கூர்மை. அரைமணியைத் தாண்டும் ஒரு வர்ணத்தின் ஜதிகளை நினைவில் வைக்க வேண்டிய தலையில் சோறு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நிலைப்பு கெண்டைக்கால் தசையோடு கரைந்து போகும். பத்தில் மிஞ்சுவது கோடு ஒன்றுதான். அதற்காகத்தான் மற்ற ஒன்பதும் கொடுக்கப்படுகின்றன.

உள்ளே நடப்பது இன்னும் மோசம். உண்பதைவிட அதிகமாகச் செலவழிக்கும் உடம்பு, உயிர் காக்கத் தேவையில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். மாதவிடாய் நிற்கும். அதோடு ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு மெலியும். வாழ்நாளுக்கான எலும்பில் பெரும்பகுதி இருபது வயதுக்குள்தான் சேர்கிறது. பின்னால் தின்று ஈடுகட்ட முடியாது. 1986-இல் மிஷெல் வாரன் குழுவினர் 75 பாலே நடனமணிகளைச் சோதித்தபோது 61 விழுக்காட்டினருக்கு எலும்பு முறிவு ஏற்பட்டிருந்தது. பருவமடைவது தள்ளிப்போனவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. பாலே ஆடுபவர்களுக்கு மரத்தரை இருக்கிறது. நம் பிள்ளைகள் தட்டடவு போடுவது பளிங்குக்கல் ஒட்டிய சிமெண்டுத் தரையில். ரவாங்கில் சிமெண்டுக்குப் பஞ்சமில்லை. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி என்றால் எண்ணெய் தடவுகிறோம். மாதவிடாய் வரவில்லை என்றால், கடும் பயிற்சி, அப்படித்தான் இருக்கும் என்று மூத்த மாணவிகளே சமாதானம் சொல்கிறார்கள். அரங்கேற்றத் தேதியோடு மோதாமல் போனதே என்று நிம்மதிப்படும் வீடுகளும் உண்டு. அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014-இல் இந்த நிலைக்குத் தனிப்பெயர் கொடுத்து, ஆண்களுக்கும் இது வரும் என்று சேர்த்து எழுதியது. அதை ஓட்டப்பந்தயப் பயிற்சியாளர்கள் படிக்கிறார்கள். நம் ஆசிரியைகளில் எத்தனை பேர் தங்களை விளையாட்டுப் பயிற்சியாளராக நினைத்துப் பார்த்திருப்பார்கள்?

தஞ்சாவூர் பாலசரஸ்வதியைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம். 1962-இல் அமெரிக்காவின் ஜேக்கப்ஸ் பில்லோ விழாவில் அவர் ஆடியபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது, பருத்த உடம்பு. பாலேயிலும் நவீன நடனத்திலும் ஊறிய அந்தக் கூட்டம் அவரை மறக்கவில்லை. சத்யஜித் ராய் 1976-இல் 'பாலா' படத்தில் அவரைக் கடற்கரையில் சேலையோடு ஆடவிட்டுப் பிடித்தார். அறுபதை நெருங்கும் உடம்பு, காற்றில் பறக்கும் முந்தானை, முகத்தில் ஒரு தாய். இந்தப் படத்தை மாணவிகளுக்குப் போட்டுக் காட்டும் ஆசிரியைகள் இங்கும் உண்டு. மேதை என்பார்கள், அபிநயத்தின் சிகரம் என்பார்கள். அந்த உடம்போடு ஒரு பதினெட்டு வயதுப் பெண் அரங்கேற்றத்துக்குத் தேதி கேட்டு வந்தால் என்ன சொல்வார்கள் என்றும் நமக்குத் தெரியும். பாலாவுக்குச் சலுகை உண்டு, ஏனென்றால் அவர் பாலா. அப்படியானால் உடம்பு ஒரு தடை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருக்கிறது.

ஆசிரியைகளை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. அளவுக்கு மீறிய எடையோடு அரைமண்டியில் உட்கார்ந்தால் முழங்கால் தாங்காது என்பது உண்மை. மூச்சு வாங்காமல் ஆட உடம்பைப் பழக்க வேண்டும் என்பதும் உண்மை. மாதம் சில பத்து வெள்ளி கட்டணத்துக்கு, பள்ளி வேலை முடிந்து வந்து, குரல் கம்மும்வரை சொற்கட்டுச் சொல்லிக் கொடுப்பவர்கள் அவர்கள். பலர் இதே வார்த்தைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள், இதே பட்டினியைக் கிடந்து வந்தவர்கள், அதைக் குருபக்தி என்று நினைத்துக்கொண்டவர்கள். பலம் வேண்டும் என்றால் பலத்தைக் கேட்கலாம். இந்த வர்ணத்தை இரண்டு முறை தொடர்ந்து ஆடிக் காட்டு என்று சொல்லலாம். ஆடிவிட்டால் அந்த உடம்பு போதும். ஆட முடியவில்லையென்றால் பயிற்சியைக் கூட்டலாம், சோற்றையும் கூட்ட வேண்டியிருக்கலாம். இடுப்பின் சுற்றளவைக் கேட்க இதில் எந்தக் காரணமும் இல்லை.

எனவே டீச்சர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் உடம்பைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தால் மருத்துவர் சொல்லட்டும். உடை தைக்கக் கொடுக்கும்போது உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். இடைவேளையில் தண்ணீரோடு ஒரு வாழைப்பழமும் இருக்கட்டும், அதை நீங்களும் அவர்கள் கண்முன் சாப்பிடுங்கள். அம்மாக்களுக்கும் ஒரு சொல்: சாப்பிட்டதும் குளியலறைக்கு ஓடும் பிள்ளையை, கோலாலம்பூர் வெயிலில் கை சில்லிட்டுப்போகும் பிள்ளையை, மேலும் மேலும் தளரும் வளையலைக் கவனியுங்கள். திட்டாதீர்கள், தட்டை நிரப்பாதீர்கள், கூடப் போய் உட்காருங்கள். உணவு சார்ந்த இந்த நோய்கள் பிடிவாதம் அல்ல. மனநோய்களிலேயே அதிகம் உயிரெடுப்பவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. சீக்கிரம் கண்டால் குணமாகும். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555.

மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராத மாணவியை மேடையேற்றாதீர்கள். முதலில் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். கட்டணம் ஒரு வெள்ளி. மண்டபத்துக்குக் கட்டிய முன்பணம் போனால் போகட்டும்.